உக்கிராணச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கணினி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொல்லையைப் பற்றியவை: நெட்வொர்க்கில் எதைத் தொட்டாலும் கணினி ‘அட்மின்’ (எதையும் மாற்றும் முழு அதிகாரம் உள்ள கணக்கு) அனுமதி கேட்கிறது, கொடுக்கலாமா, வேண்டாமா? பென்டிரைவ், பிரிண்டர் மை பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஐந்து கணினிகள், ஒரு பிரிண்டர். மின்சாரம் போய் வந்தால் பில் போடும் கணினிகளுக்கு முதன்மைக் கணினி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சரிசெய்யப் போனால் அட்மின் கடவுச்சொல் கேட்கிறது. ‘எல்லாக் கணினிகளையும் அட்மின் கணக்கிலேயே ஓட விடுங்கள் மாமா, தொல்லை விட்டது’ என்கிறான் அக்காள் மகன். செய்யலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் உக்கிராண அறைக்கு ஒரே சாவிதான். அது யாராவது ஒரு பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். இலை போடுகிறவருக்கோ தண்ணீர் வைக்கிறவருக்கோ அது தேவைப்படாது. சர்க்கரை தீர்ந்தால் பெரியம்மாவைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து திறந்து, அளந்து கொடுத்துவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். ஐந்து பேர் இடுப்பில் ஐந்து சாவிகள் தொங்கினால், முந்திரிப் பருப்பு எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ஐந்து கணினிகளுக்கும் அதே கதைதான் நேரும்.

இப்போது உங்கள் கோளாறுக்கு வருவோம். கணினிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கும் பெட்டியான ரௌட்டர், தன் கையிருப்பில் உள்ள ஐ.பி. முகவரிகளை, அதாவது கணினியை அடையாளம் காட்டும் எண்களை, ஒவ்வொரு கணினிக்கும் குத்தகைக்கு விடுகிறது. மின்சாரம் போய் வந்ததும் சில ரௌட்டர்கள் பழைய குத்தகைக் கணக்கை மறந்துவிட்டுப் புதிதாகப் பங்கு போடுகின்றன. நேற்று 192.168.1.5 என்ற எண்ணில் இருந்த முதன்மைக் கணினி இன்று 192.168.1.8இல் உட்கார்ந்திருக்கும். பில் போடும் மென்பொருளோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். என் ஊகம் சரியா என்று பார்ப்பதற்கு எந்தச் சாவியும் வேண்டாம். முதன்மைக் கணினியின் கட்டளைச் சாளரத்தில் (ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘சிஎம்டி’ என்று அடித்தால் வருவது) ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்தால் அதன் இன்றைய முகவரி தெரியும். மற்றொரு கணினியிலிருந்து அந்த எண்ணுக்கு ‘பிங்’ (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் வயரும் ரௌட்டரும் நலம். எண் மட்டுமே மாறியிருக்கிறது. முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. யாரும் முகவரி கொடுக்காததால் கணினி தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். வயர் கழன்றிருக்கலாம், ரௌட்டர் இன்னும் கண் விழிக்காமல் இருக்கலாம். அந்த நேரத்தில் அட்மின் கடவுச்சொல்லைத் தேடி ஓடுவது, ஃபியூஸ் போனதற்கு விசிறியைக் கழற்றுவது போல.

பார்ப்பது, சோதிப்பது, ஏற்கெனவே இருக்கும் வைஃபையில் சேருவது, விலகுவது ஆகியவற்றுக்குச் சாதாரணக் கணக்கே போதும். கணினி முழுவதையும், அதைப் பயன்படுத்தும் எல்லாரையும் பாதிக்கும் மாற்றத்துக்குத்தான் சாவி. நிலையான ஐ.பி. எண் வைப்பது, டி.என்.எஸ். (இணையதளப் பெயருக்கு எண் சொல்லும் கணினி) எண்ணை மாற்றுவது, ஃபயர்வால் என்ற காவல் நிரலில் ஒரு வாசல் திறப்பது, நெட்வொர்க் அட்டைக்கு டிரைவர் போடுவது, வி.பி.என். (இணையத்துக்குள் போடும் தனிப்பாதை) நிறுவுவது எல்லாம் இந்த வகை.

உங்களுக்கு வேண்டியது முதன்மைக் கணினிக்கு மாறாத ஓர் எண். அதை இரண்டு இடங்களில் செய்யலாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘இந்த மேக் எண் கொண்ட கணினி எப்போது கேட்டாலும் இதே முகவரியைக் கொடு’ என்று எழுதி வைப்பது முதல் வழி. (மேக் எண் என்பது நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்.) இதில் எந்தக் கணினியின் அட்மின் உரிமையும் தேவைப்படாது. நான் எப்போதும் இதையே செய்வேன். பிரிண்டருக்கும் இதே மருந்துதான். ரௌட்டரில் அந்த வசதி இல்லையென்றால் முதன்மைக் கணினியிலேயே எண்ணை நிலையாக வைக்க வேண்டும். அப்போதுதான் அட்மின் கடவுச்சொல், அதுவும் ஒரு கணினியில் ஒரே ஒரு முறை.

அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கடையில் கணக்கு நோட்டு இருக்கும் அல்லவா? அதன் கடைசிப் பக்கத்தில் இப்போதுள்ள நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஐ.பி. முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே (வெளியே போகும் வாசலின் எண்), டி.என்.எஸ். ‘ஐபிகான்ஃபிக்’ என்பதற்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ‘ஆல்’ என்று சேர்த்து அடித்தால் நான்கும் கிடைக்கும். புதிய எண் ரௌட்டரின் குத்தகைப் பட்டியலுக்கு வெளியே இருக்கட்டும். பட்டியல் 100 முதல் 200 வரை என்றால் 50ஐ வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் என்றோ ஒரு நாள் யாராவது வாடிக்கையாளரின் செல்பேசிக்கு ரௌட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடும். அன்று இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் பில் போடுகிறவரைச் சாதாரணக் கணக்கிலேயே உட்காரவையுங்கள்.

வீட்டுக் கணினியில் என் ஒரு கணக்குதான், அதுவும் அட்மின். இணையம் வரவில்லை என்று வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியபோது ‘நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட்’ என்ற கட்டளையை அடிக்கச் சொன்னார்கள். ‘உரிமை போதாது, அட்மினாக இயக்கு’ என்று திரையில் வந்தது. என் வீட்டில் என்னையே யார் என்று கேட்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, கேட்பது நல்லதற்குத்தான்.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், நிறுவும்போது உருவாகும் கணக்குகள் பிறக்கும்போதே அட்மினாகப் பிறந்தன. நீங்கள் திறக்கும் பாட்டு மென்பொருளும், மின்னஞ்சலில் வந்த விளங்காத இணைப்பும் கூட அதே முழு அதிகாரத்துடன் ஓடும். அந்தக் காலத்தில் வைரஸ் எடுப்பதே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. அதில் என் வீட்டு மாடிக்குப் படி கட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. அட்மின் கணக்கில் நீங்கள் நுழையும்போது கணினி உங்களுக்கு இரண்டு வில்லைகளைத் தயாரிக்கிறது. ஒன்று சாதாரண ஆளின் வில்லை, மற்றொன்று அதிகாரியின் வில்லை. முதல் வில்லையைச் சட்டையில் குத்தி வெளியே அனுப்பிவிட்டு, இரண்டாவதை மேசைக்குள் வைத்துக்கொள்கிறது. ‘ஆம்’ என்று நீங்கள் அழுத்தினால்தான், அழுத்திய அந்த ஒரு நிரலுக்கு மட்டும் இரண்டாவது வில்லை கிடைக்கும். ஆகவே சாதாரணமாகத் திறந்த கட்டளைச் சாளரம், அட்மினாகிய உங்களிடம் இருந்தாலும், சாதாரண ஆள்தான்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘சிஎம்டி’ என்று அடித்துவிட்டு, வெறும் எண்டருக்குப் பதிலாகக் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எண்டரைத் தட்டுங்கள். அனுமதி கேட்கும், கொடுங்கள். சாளரத்தின் தலைப்பில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற சொல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டளையை அடியுங்கள். முடிந்ததும் கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள். அதிகார வில்லை அணிந்த சாளரத்தைத் திறந்தே வைத்துவிட்டு, அதிலேயே மற்ற வேலைகளையும் தொடர்வது பலருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கணினியில் உள்ள ஃபோல்டரை ‘இசட்’ டிரைவாக இணைத்து வைத்திருப்போம். அதிகாரச் சாளரத்தில் போய் அந்த டிரைவைத் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படாது. டிரைவை இணைத்தது சாதாரண வில்லை. தேடுவது அதிகாரி வில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு நோட்டு. அதிக அதிகாரம் இருந்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைக் காட்டுவேன். முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியே வராமல் அணைத்துவிட வழி இருக்கிறதாமே?
– வாசகர், திண்டுக்கல்

இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

ரௌட்டர் பக்கத்தில் பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்று நுழைய முடிகிறது. கணினியில் அட்மின் கடவுச்சொல்லைக் கடினமாக வைத்தால் இதுவும் பாதுகாப்பாகிவிடுமா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

ஆகாது அம்மா. நல்ல இடத்தில் கை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆட்கள் வேறு. கணினியின் அட்மின் ஒருவர், ரௌட்டரின் அட்மின் இன்னொருவர். விருந்தாளிக்குச் சொல்லும் வைஃபை கடவுச்சொல் இந்த இரண்டிலும் சேராது. ரௌட்டரின் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, ஒரு சீட்டில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். எழுதி ஒட்டலாமா என்று கேட்பீர்கள். உங்கள் கூடத்துக்குள் வந்து ரௌட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் திருடனைவிட, இணையம் வழியாக வருகிறவன்தான் எனக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 2007 முதல் 2011 வரை ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீநிரல் உலகம் முழுக்கச் சுற்றியது. சுமார் நூறு நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகள் மாட்டின. அது செய்தது சின்ன வேலை: கணினியின் டி.என்.எஸ். எண்ணை மாற்றிவைப்பது. டி.என்.எஸ். என்பது நாம் அடிக்கும் இணையதளப் பெயருக்கு எண் சொல்லும் விசாரணைக் கவுன்ட்டர். அந்தக் கவுன்ட்டரில் திருடனின் ஆள் உட்கார்ந்துவிட்டால், நாம் கேட்கும் ஊருக்கு ஒரு பஸ், அவன் ஏற்றிவிடுவது வேறொரு பஸ். சரியான பெயரைத்தான் அடிப்போம், வந்து நிற்பது அவனுக்குக் காசு தரும் விளம்பரப் பக்கமாக இருக்கும். கணினியோடு விடாமல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத ரௌட்டர்களுக்குள்ளும் அது நுழைய முயன்றது. 2011 நவம்பரில் எஸ்டோனிய நாட்டுக்காரர்கள் ஆறு பேர் பிடிபட்டார்கள். ஆனால் திருட்டுக் கவுன்ட்டரை உடனே மூட முடியவில்லை. மூடினால் மாட்டிய கணினிகளுக்கெல்லாம் இணையமே நின்றுபோகும். நீதிமன்ற உத்தரவின்பேரில் அதே இடத்தில் நல்ல கணினிகளை வைத்து ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள்.

டி.என்.எஸ். எண்ணை மாற்றக் கணினி ஏன் அட்மின் அனுமதி கேட்கிறது என்று எழுதிய மற்ற மூன்று பேருக்கும் இதுவே பதில். ஹோஸ்ட்ஸ் கோப்பும் இதே வகைதான். விண்டோஸில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று மூன்று கட்டு தாண்டி உள்ளே இருக்கிறது. யாரும் திறந்து படிக்கலாம். சேமிக்கத்தான் அனுமதி வேண்டும். நோட்பேடையே முதலில் அட்மினாகத் திறந்து, அதிலிருந்து கோப்பைத் திறக்க வேண்டும். திருத்தி முடித்த பிறகு சேமிக்க மறுக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள்.

பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு பயன்படுத்துகிறேன். காணொளிகளில் எல்லாக் கட்டளைக்கும் முன்னால் ‘சுடோ’ போடுகிறார்கள். நானும் போடுகிறேன். இப்போது என் குறிப்புக் கோப்புகள் சிலவற்றை என்னாலேயே திருத்த முடியவில்லை.
– மாணவி, கோயம்புத்தூர்

அந்தக் கோப்புகளை உருவாக்கியது நீங்கள் இல்லை, தாயே. சுடோ போட்ட அந்த நொடியில் லினக்ஸின் அட்மினாகிய ‘ரூட்’ என்பவர் உருவாக்கியிருக்கிறார். அவர் பெயரில் பட்டா இருக்கும் நிலத்தில் உங்களை எப்படி உழ விடுவார்? ‘சிஹெச்ஓன்’ கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் சுடோ வேண்டும், சிரிக்காதீர்கள்.

சுடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. முழு ரூட் கடவுச்சொல்லையும் தூக்கிக் கொடுக்காமல், குறிப்பிட்ட ஆளுக்குக் குறிப்பிட்ட கட்டளைக்கு மட்டும் அதிகாரம் தருவது அதன் நோக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடுவது, சீட்டு எழுதிக்கொடுத்து மருந்து வாங்கும் ஏற்பாட்டில் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

‘ஐபி அட்ரஸ்’ என்று கேட்பதற்குச் சுடோ வேண்டாம். அதோடு ‘ஆட்’ சேர்த்துப் புது முகவரி வைக்கச் சுடோ வேண்டும். போடாவிட்டால் ‘அனுமதி இல்லை’ என்று லினக்ஸின் உட்கருவான கெர்னலே சொல்லிவிடும். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதலில் சுடோ இல்லாமல் அடியுங்கள். மறுத்தால், ஏன் மறுக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போடுங்கள். ‘பிங்’குக்கு வேண்டிய சிறு உரிமையை லினக்ஸே அதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. நீங்கள் எழுதும் இணையதளத்தைச் சோதிக்க 80ஆம் எண் வாசலைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 1024க்குக் கீழுள்ள வாசல்களுக்கு ரூட் உரிமை கேட்பது வழக்கம். 8080இல் ஓட்டினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பாடத்துக்கு, நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் சுடோ போட்டுத் திறக்காதீர்கள். அந்த நிரலை உருவாக்கியவர்களே வேண்டாம் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆயிரம் வகைப் பொட்டலங்களைப் பிரித்துப் படிக்கும் பெரிய நிரல் அது. எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்குமோ! பொட்டலம் பிடிக்கும் வேலையை ‘டம்ப்கேப்’ என்ற சின்ன நிரலுக்குப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் உரிமை கொடுத்து, உங்களை ‘வயர்ஷார்க்’ குழுவில் சேர்த்தால் போதும்.

அலுவலக லேப்டாப்பில் அட்மின் உரிமை தர மறுக்கிறார்கள். வாடிக்கையாளர் இடங்களுக்குப் போய் ஐ.பி. மாற்றுவதே என் வேலை. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கிறது. குறுக்கு வழி உண்டா?
– கள ஊழியர், திருச்சி

குறுக்கு வழி வேண்டாம். நேர் வழியே இருக்கிறது. விண்டோஸில் ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்’ என்ற குழு எக்ஸ்பி காலத்திலிருந்தே உள்ளது. அதில் உள்ளவர் ஐ.பி. முதலிய அமைப்புகளை மாற்றலாம். மென்பொருள் நிறுவவோ பிறர் கணக்கைத் தொடவோ முடியாது. இந்தப் பெயரைத் தாளில் எழுதி உங்கள் கணினிப் பிரிவிடம் கொடுங்கள். ‘அட்மின் வேண்டும்’ என்று கேட்டால் மறுக்கிறவர்கள், ‘இந்தக் குழுவில் மட்டும் சேர்த்தால் போதும்’ என்று கேட்டால் யோசிப்பார்கள்.

ஊரில் இருக்கும் அப்பாவின் கணினியைச் சென்னையிலிருந்து ரிமோட்டில் சரிசெய்கிறேன். அட்மின் அனுமதி கேட்கும் நேரத்தில் மட்டும் என் திரை கறுத்துவிடுகிறது. கோளாறா?
– வங்கி ஊழியர், சென்னை

கோளாறு இல்லை. அனுமதிப் பெட்டி வரும்போது விண்டோஸ் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுத் தனித்திரை ஒன்றைப் போடுகிறது. எந்த நிரலும் தானாக ‘ஆம்’ என்று அழுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் ரிமோட் மென்பொருளும் அதன் கண்ணுக்கு வெளியாள்தான். அப்பாவிடம் தொலைபேசியில், ‘பெட்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் அப்பா’ என்று கேளுங்கள். நீங்கள் திறந்த நிரலின் பெயர்தான் என்றால் அவரையே ‘ஆம்’ அழுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் ரிமோட்டில் இருந்துகொண்டு அந்தக் கணினியின் ஐ.பி., கேட்வே இரண்டையும் தொடாதீர்கள். நான் தொட்டேன். 2011இல், கடலோர ஊர் ஒன்றில் மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தின் சர்வரை மதுரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் சர்வர், ரூட்டாகவே உள்ளே நுழைந்திருந்தேன். கேட்வே எண்ணின் கடைசியில் 1 என்று அடிப்பதற்குப் பதில் 11 என்று அடித்து எண்டரைத் தட்டினேன். ரூட் அல்லவா, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கர்சர் துடிப்பது நின்றது. நான் உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டியிருக்கிறேன் என்று புரிய ஐந்து வினாடி ஆயிற்று. மணி மாலை ஏழு; அவர்களுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு ஏலம்.

இப்போதெல்லாம் தொலைவிலிருந்து மாற்றுவதானால், பத்து நிமிடத்தில் தானாக அணைந்து எழும்படி சர்வருக்கு முதலில் ஒரு கட்டளை கொடுத்துவிடுவேன். மாற்றத்தை நிரந்தரக் கோப்பில் எழுதாமல் தற்காலிகமாக மட்டும் செய்வேன். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து பழைய எண்ணோடு நிற்கும். அறுபடாவிட்டால் கட்டளையை ரத்து செய்துவிடுவேன். உபுண்டுவில் ‘நெட்பிளான் டிரை’ என்ற கட்டளை இதையே செய்கிறது. 120 வினாடிக்குள் நாம் உறுதி சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அன்று அதெல்லாம் தெரியாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். காவலர் கதவைத் திறந்து, மீன் வாடைக்கு நடுவே சர்வர் அறைக்கு அழைத்துப்போனார். நின்றுகொண்டே ஒரு 1ஐ அழித்தேன். நாற்பது வினாடி வேலை. “இதற்காகவா தம்பி மதுரையிலிருந்து வந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.